பலமாக விழுகிறது

ஆனி மாதம் பிறந்துவிட்டால் தென்காசிக்காரர்கள் ஒருவரையொருவர் பார்த்ததும் கேட்கிற முதல் கேள்வி "விழுதா?" என்பதுதான். என்ன விழுகிறது, எங்கே விழுகிறது என்று யாரும் விளக்குவதில்லை. குற்றாலத்தில் தண்ணீர் விழுகிறதா என்பது கேள்வி. "விழுது" என்று பதில் வந்தால் ஊரே நல்லெண்ணெய்க் கிண்ணத்தைத் தேடும். "விழலை" என்றால் மேற்கே மலையைப் பார்த்து முணுமுணுக்கும். இந்தச் சொல்லுக்கு வேறொரு பொருளும் இருக்கக்கூடும் என்பது நம்பிராஜ பிள்ளைக்கு அறுபது வயது வரைக்கும் தோன்றியதில்லை. தோன்றாமல் போனதும் ஒரு வகையில் நல்லதற்குத்தான்.

பிள்ளை நிமிர்ந்து நடக்கிறவர். சாரல் காலத்தில் காசிவிசுவநாதர் கோயில் வாசலில் காற்று ஆளைத் தள்ளும். மற்றவர்கள் துண்டை இடுப்பில் இறுக்கிக்கொண்டு குனிந்து நுழைவார்கள். பிள்ளை துண்டைத் தோளிலிருந்து இறக்கமாட்டார். காற்றுதான் ஒதுங்கிப் போக வேண்டும். சிற்றாற்றுப் பாசனத்தில் நஞ்சை, தென்காசியில் இரட்டைக்கட்டு வீடு, குற்றாலத்தில் தகப்பனார் கட்டிய பங்களா எல்லாம் அவருக்கு இருந்தன. அவற்றைவிடப் பெரிதாக அவர் நினைத்தது ஒன்று உண்டு. அவருடைய குடும்பத்தில் கொடுத்த வாக்கை யாரும் மாற்றியதில்லை. வாக்கு மாறியவன் முகத்தில் யாரும் மறுபடி விழித்ததுமில்லை.

அவருடைய ஒரே மகள் இராமலட்சுமி. முதலில் வந்த ஒரு சம்பந்தம், ஜாதகம் வாங்கிப் போனதோடு பேச்சுமூச்சில்லாமல் நின்றுவிட்டது. அதை ஊர் மறந்துவிட்டதாகப் பிள்ளை நினைத்துக்கொண்டார்; ஊர் மறக்கவில்லை. இரண்டாவதாக வந்ததுதான் கொழும்புச் சம்பந்தம். வாசுதேவநல்லூரில் பிறந்து, சிறு வயதிலேயே கப்பலேறி, கொழும்பில் ஜவுளிக்கடை வைத்து முன்னுக்கு வந்த முத்துக்குமாரசாமி பிள்ளை, போன வருஷம் சாரலுக்குத் தம் மகன் சுந்தரபாண்டியனோடு குற்றாலத்துக்கு வந்திருந்தார். கோயிலில் வைத்துப் பெண்ணைப் பார்த்தார்கள். ஜாதகம் பொருந்தியது. பையனுக்கும் பெண்ணுக்கும் பிடித்திருந்தது என்பதை, இருவரும் அதற்கப்புறம் ஒருவரையொருவர் பார்க்காத மாதிரி நடந்துகொண்டதிலிருந்தே எல்லாரும் தெரிந்துகொண்டார்கள்.

ஆனால் கை நனைக்கவில்லை. சம்பந்தம் முடிவாகாமல் பெண் வீட்டில் மாப்பிள்ளை வீட்டார் சாப்பிடுவதில்லை. ஒரு வாய் காப்பிகூடக் குடிப்பதில்லை. இலை முன்னால் உட்கார்ந்து கை நனைத்துவிட்டால் அது முடிந்த சம்பந்தம். அப்புறம் பின்வாங்கப் பேச்சே கிடையாது. முத்துக்குமாரசாமி பிள்ளை புறப்படும்போது சொன்னார்:

"அண்ணாச்சி, வீட்டுக்காரி வந்து பொண்ணைப் பாக்காம நான் கை நனைச்சா என்னைக் கடல்ல தள்ளிருவா. அடுத்த சாரலுக்கு அவளையும் கூட்டிட்டு வாரேன். உங்க பங்களாவிலதான் தங்கல், உங்க வீட்டுலதான் சாப்பாடு."

இந்த வாக்கைப் பிள்ளை ஊர் முழுக்கச் சொல்லியிருந்தார்.

அதற்கு நடுவில்தான் யுத்தம் கிழக்கே திரும்பியது. நாற்பத்திரண்டாம் வருஷம் ஏப்ரல் மாதம் கொழும்பில் ஜப்பான்காரன் குண்டு போட்டான். முத்துக்குமாரசாமி பிள்ளை கடையைப் பூட்டிவிட்டுக் குடும்பத்தோடு கண்டி மலைக்குப் போய்விட்டார். வைகாசிக் கடைசியில் அங்கிருந்து ஒரு கடிதம் வந்தது. பிள்ளை அதை நின்றபடியே வாசித்தார்.

"பர்மா போய்விட்டது. அதை ஒட்டி இந்தியா. சென்னைப் பட்டணத்தையே காலி செய்தார்கள் என்று கேள்வி. அடுத்த வீட்டில் தீப்பிடித்து எரியும்போது பக்கத்து வீட்டுக்கு விருந்தாடப் போவார்களா என்று இங்கே உறவுக்காரர்கள் கேட்கிறார்கள். பெண்டு பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு உல்லாசமாகக் குளிக்கப் புறப்படுகிற வேளையா இது என்று என்னால் முடிவு செய்ய முடியவில்லை. அடுத்த வருஷம் பார்த்துக்கொள்ளலாமோ என்று ஒரு யோசனை."

பிள்ளை கடிதத்தை மடித்தார். மடிப்பு கத்தி விளிம்பு மாதிரி விழுந்தது.

"என்ன எழுதியிருக்காவ?" என்று கேட்டாள் அவர் மனைவி செண்பகவல்லி.

"நம்ம ஊருக்கு வரப் பயமா இருக்காம்."

"குண்டு விழுந்த ஊர்ல இருந்தவுகல்லா. பயம் இருக்கத்தானே செய்யும்?"

"அப்போ விழாத ஊருக்கு வரவேண்டியதுதானே? அங்கன விழுந்தது. இங்கன விழலையே!"

"இங்கன எதுவுமே விழலை. சாரலையும் காணோம்" என்று செண்பகவல்லி அடுக்களைக்குள் போய்விட்டாள். கணவருக்குக் கோபம் வந்தால் பாதிப் பேச்சில் உள்ளே போவது அவள் வழக்கம். மீதிக் கோபத்தை அவர் சுவரிடம் காட்டிக்கொள்ள வேண்டியதுதான்.

அன்று சாயங்காலம் கோயில் வாசலில் பலவேசம் அவரைப் பிடித்துக்கொண்டார். அவர் நம்பிராஜ பிள்ளைக்குச் சித்தப்பா மகன். பத்திரிகை படிக்கிறவர். வீட்டுச் சுவரில் ஆசியாப் படம் ஒன்றை மாட்டி, ஜப்பான்காரன் பிடித்த ஊர்களிலெல்லாம் குங்குமப் பொட்டு வைத்துக்கொண்டு வந்தார். படத்தைச் சுருட்டிக் கையோடு கொண்டும் வந்திருந்தார்.

"பாருங்க அண்ணாச்சி. இது பர்மா, பூரா சிவப்பு. இது அசாம். நடுவுல என்ன இருக்கு? என் சுண்டுவிரல் கனம்கூட இல்லை. கண்டியில இருக்கவன் இதைப் பாத்தா எப்படி வருவான்?"

"இதுல தென்காசி எங்கன இருக்கு?"

பலவேசம் படத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "தென்காசி போடலை அண்ணாச்சி. திருநெல்வேலி இருக்கு."

"நம்ம ஊரையே போடத் தெரியாதவன் போட்ட படம். இதைப் பாத்து நான் பயப்படணுமாக்கும்!"

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். பலவேசத்துக்குச் சுருக்கென்றது.

"நீங்க பயப்படலை, சரி. அவிய பயப்படுதாவளே! ஒரு சம்பந்தம் தட்டினா ஜாதகத்தைக் குறை சொல்லலாம். ரெண்டாவதும் தட்டினா பொண்ணைல்லா சொல்லுவாக? நான் சொல்லலை, ஊரு சொல்லும். அவிய வரமாட்டாவ அண்ணாச்சி. வந்தா, பேரருவியில நான் தலை நனைக்கேன்."

இதற்குச் சிரிப்பு இன்னும் பலமாக எழுந்தது. தென்காசியில் பிறந்தும் அருவியில் தலை கொடுக்காத ஒரே மனிதர் பலவேசம். அக்கினி நட்சத்திரத்திலும் வெந்நீர் கேட்பார். குடும்பத்தோடு குற்றாலம் போனால் பாறை மேல் உட்கார்ந்து எல்லாருடைய துணிக்கும் காவல் இருப்பார்.

பிள்ளை சிரிக்கவில்லை. "நாலு பேர் முன்னால சொல்லியிருக்கீரு. மறந்திராதேயும்" என்று சொல்லிவிட்டு, காற்றைக் கிழித்துக்கொண்டு நடந்தார்.

ஆனால் பலவேசம் சொன்னதில் ஒரு வார்த்தை அவரைத் தைத்துவிட்டது. வீட்டுக்கு வந்ததும் மகளைக் கூப்பிட்டார்.

"ஏட்டி, இங்கன வா. சாரல் விழுந்ததும் ஒரே ஒரு தந்தி கொடுப்பேன். வந்தா சம்பந்தம். வரலைன்னா நானே முந்திக்கிட்டு வேண்டாம்னு சொல்லிருவேன். பயந்து நடுங்குதவன் வீட்டுக்கு உன்னை அனுப்பமாட்டேன்."

இராமலட்சுமி தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்: "வேண்டாம்னு நீங்க சொன்னாலும், அவிய சொன்னாலும், ஊரு என்னைத்தானப்பா சொல்லும்?"

பிள்ளை தோளில் கிடந்த துண்டை எடுத்து மறுபடி மடித்துப் போட்டுக்கொண்டு திண்ணைக்குப் போய்விட்டார்.

ஆனி நடுவில் ஒரு காலை, மலை தெரியவில்லை. மேகம் இறங்கி வந்து ஊர் விளிம்பில் உட்கார்ந்திருந்தது. வெயிலோடு வெயிலாகப் பூந்தூறல் வந்து முகத்தில் ஒட்டியது. பிள்ளை வில்வண்டியைக் கட்டச் சொல்லிக் குற்றாலத்துக்கே போனார். கேள்விப்பட்டதை வைத்துத் தந்தி கொடுக்கிறவர் அல்ல அவர். பேரருவி பாறை தெரியாமல் கொட்டிக்கொண்டிருந்தது. கடைகளில் மங்குஸ்தான் வந்து இறங்கியிருந்தது. மந்திகள்கூட மரத்தடியில் ஒண்டிக்கொண்டிருந்தன. பங்களாவுக்குப் போனார். வெள்ளையடித்துச் சுத்தமாக இருந்தது. சென்னையிலிருந்து பயந்து வந்திருந்த ஒரு குடும்பம் அதை வாடகைக்குக் கேட்டு வாசலில் காத்திருந்தது. "சம்பந்தி வாராவ" என்று அவர்களை அனுப்பிவிட்டு, நேரே தென்காசித் தபாலாபீசுக்கு வண்டியை விட்டார்.

போஸ்ட்மாஸ்டர் ஞானதுரை மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு எழுதத் தயாரானார். பிள்ளை சொன்னார்:

"குற்றாலத்தில் பேரருவியிலும் ஐந்தருவியிலும் தண்ணீர் பலமாக விழுகிறது. சாரல் நன்று. பயம் வேண்டாம். உடனே வரவும். இதை இங்கிலீஷ்ல போடும்."

ஞானதுரை பேனாவைக் கீழே வைத்தார். "அண்ணாச்சி, மழை, காத்து, மேகம்னு ஒரு வார்த்தை வரக்கூடாது. யுத்த கால உத்தரவு. எதிரிக்கு வானிலை தெரிஞ்சிரும்னு வெட்டிருவாக. நான் வெட்டாம அனுப்பினா என்னை வெட்டிருவாக."

"அருவின்னு போடும்."

"அருவின்னா தண்ணி. தண்ணின்னா மழை."

"ஜப்பான்காரன் குத்தாலத்துக்கு எண்ணெய் தேச்சுக்கிட்டு வாரானாவே?"

"அது எனக்குத் தெரியாது அண்ணாச்சி. எனக்குப் பென்ஷன் வேணும்."

பிள்ளை யோசித்தார். கெஞ்சுவது அவருக்கு வராது. "சரி. தண்ணியை எடும். அருவியை எடும். சாரலையும் எடும். என்ன மிச்சம்?"

"பலமாக விழுகிறது. பயம் வேண்டாம். உடனே வரவும்."

"போதும். அனுப்பும்."

ஞானதுரை தயங்கினார். "என்ன விழுதுன்னு அவுகளுக்குப் புரியுமா அண்ணாச்சி?"

"தென்காசியில இருந்து ஒருத்தன் விழுதுன்னு சொன்னா, என்ன விழுதுன்னு கேக்கிறவன் எனக்குச் சம்பந்தியா வரவேண்டாம்."

தந்தி போயிற்று.

மறுநாள் பதில் இல்லை. அதற்கடுத்த நாளும் இல்லை. நாள் செல்லச் செல்ல அருவியின் இரைச்சல் கூடியது. பிள்ளையின் பேச்சு குறைந்தது. கோயில் வாசலில் பலவேசம், "என்ன அண்ணாச்சி, தந்தி நீந்திப் போகுதோ?" என்று கேட்டார். சென்னைக் குடும்பம் இரண்டாம் தடவை பங்களாவைக் கேட்டு வந்தது. "சம்பந்தி வாராவ" என்று பிள்ளை இரண்டாம் தடவையும் சொன்னார். குரல் மாறவில்லை. ஆனால் அவர்கள் போனதும், துண்டால் முகத்தை நெடுநேரம் துடைத்துக்கொண்டார். வெள்ளிக்கிழமை வரைக்கும் பார்ப்பது, அதற்கப்புறம் சம்பந்தம் வேண்டாம் என்று தாமே எழுதிவிடுவது என்று மனசுக்குள் நாள் குறித்துவிட்டார். வேறு வீட்டுக்குப் பெண் கொடுத்துவிடலாம். இராமலட்சுமி தரையைப் பார்த்துக்கொண்டு நின்றதைத்தான் என்ன செய்வது என்று தெரியவில்லை.

வெள்ளிக்கிழமை மத்தியானம் ஞானதுரை தாமே வந்தார். குடையை மடக்க மறந்து, விரித்தபடியே வீட்டுக்குள் நுழைந்தார்.

"அண்ணாச்சி, உங்க வீட்டுல எல்லாரும் சுகம்தானே?"

"எங்களுக்கு என்னவே?"

"இல்லை... பதில் வந்திருக்கு. எனக்கு ஒண்ணும் ஓடலை. நீங்களே கேளுங்க." அவர் தமிழில் சொல்லிக்கொண்டே வந்தார்: "செய்தி கண்டு துடித்தோம். மனம் தளர வேண்டாம். பெண்டு பிள்ளைகளை மலைப்பக்கம் அனுப்பவும். மருந்துகளோடு குடும்பமாகப் புறப்பட்டுவிட்டோம். நாளைக் காலை வண்டியில் வந்து சேருவோம்."

பிள்ளை புருவத்தைச் சுருக்கினார். "மருந்து எதுக்கு? குளிச்சா சளி பிடிக்கும்னு பயப்படுதாவளோ?"

கதவுக்குப் பின்னால் ஒரு சத்தம் கேட்டது. இராமலட்சுமி வாயைப் பொத்திக்கொண்டிருந்தாள். சிரிப்பா அழுகையா என்று தெரியவில்லை.

"அப்பா, என்ன விழுதுன்னு நீங்க எழுதலையே!"

ஞானதுரையின் குடையிலிருந்து தண்ணீர் தரையில் சொட்டிக்கொண்டிருந்தது. பிள்ளை நாற்காலியில் உட்கார்ந்தார். 'பலமாக விழுகிறது. பயம் வேண்டாம்.' குண்டு விழுந்த ஊரிலிருந்து போன மனிதன் அதை எப்படிப் படித்திருப்பான் என்பது இப்போதுதான் அவருக்கு உறைத்தது. ஊர் இதை அறிந்தால் தலைமுறைக்கும் சிரிக்கும். முதலில் அந்த வெட்கம்தான் முகத்தில் சூடாக ஏறியது.

"தப்புன்னு உடனே ஒரு தந்தி கொடுப்போமா?" என்றார் ஞானதுரை.

"கிளம்பிட்டாவளே. எங்கன கொடுக்க?"

"பாவம், உசிரைக் கையில பிடிச்சுக்கிட்டு வந்துக்கிட்டு இருப்பாவ" என்றாள் செண்பகவல்லி.

அந்தச் சொல் பிள்ளையின் காதில் விழுந்து, அங்கேயே நின்றது. அவர் மெல்ல எழுந்தார். முதுகு தானாகவே நிமிர்ந்தது.

"செண்பகம், விருந்துக்குக் கூப்பிட்டேன், யுத்தம் பக்கத்துல இருக்குன்னு யோசிச்சாவ. நம்ம தலையிலேயே குண்டு விழுதுன்னு நினைச்சதும் யோசிக்கவே இல்லை. பொண்டாட்டி பிள்ளையோட கப்பலேறிட்டாவ. சந்தோஷத்துக்கு வரத் தயங்கின மனுசன், சாவுக்கு வாரான். நான் அவனைப் போய்ப் பயந்தவன்னு சொன்னேனே!" மகள் நின்ற கதவுப் பக்கம் திரும்பி, "இதுக்கு மேல எந்த வீட்டுல போய்ப் பொண்ணைக் கொடுக்க?" என்றார்.

மறுநாள் காலை தென்காசி ஸ்டேஷனில் பாதி ஊர் நின்றது. விஷயம் எப்படிப் பரவியது என்று கேட்பதில் பயனில்லை. ஞானதுரை வீடு திரும்பின வழி பலவேசம் வீட்டு வழி. பலவேசம் முன்வரிசையில் நின்றிருந்தார். ஆனால் முகத்தில் வழக்கமான குஷி இல்லை. கைகளைக் கக்கத்தில் செருகியிருந்தார்.

விருதுநகர் வண்டி வந்து நின்றது. முதலில் இறங்கியது ஒரு பெரிய மருந்துப் பெட்டி. அதைப் பிடித்துக்கொண்டு சுந்தரபாண்டியன். பிறகு கம்பளி மூட்டை, பிஸ்கோத்து டின்கள், அவற்றுக்குப் பின்னால் முத்துக்குமாரசாமி பிள்ளை. கண் தூக்கமில்லாமல் சிவந்திருந்தது. இறங்கினதும் வானத்தைப் பார்த்தார். கடைசியாக அவர் மனைவி முப்பிடாதியம்மாள் இறங்கினாள். அவள் தென்காசியைப் பார்ப்பது இதுதான் முதல் தடவை. தூரத்தில், ரொம்பக் காலத்துக்கு முன்பே இடிந்து பிளந்து மொட்டையாக நிற்கும் கோயில் கோபுரம் அவள் கண்ணில் பட்டது.

"ஐயோ! சாமி கோபுரத்தையே விட்டுவைக்கலையே படுபாவி!" என்று மாரில் அடித்துக்கொண்டாள்.

"தாயே, அது எங்க பாட்டன் காலத்துக்கு முந்தியே இடிஞ்சது. ஜப்பான்காரனுக்கு அந்தப் பெருமை வேண்டாம்" என்றார் பலவேசம்.

கூட்டத்தில் சிரிப்பு கிளம்பப் பார்த்தது. பிள்ளை ஒரு பார்வை பார்த்தார், அடங்கியது. அவர் நேரே சம்பந்தி முன்னால் போய் நின்றார். அவருக்குக் குனிந்து பேசத் தெரியாது. அதனால் நிமிர்ந்தபடியே, எல்லாருக்கும் கேட்கிற மாதிரிச் சொன்னார்:

"இங்கன குண்டு ஒண்ணும் விழலை. எங்க ஊர்ல விழுதுன்னா தண்ணிதான். உங்களுக்கு அது புரியும்னு நான் நினைச்சது என் தப்பு. ஊர் முன்னால சொல்லுதேன், என் தப்பு."

பிள்ளை தம் தப்பு என்று சொல்லித் தென்காசி கேட்டதில்லை. எஞ்சின்கூட மூச்சைப் பிடித்துக்கொண்ட மாதிரி இருந்தது.

முத்துக்குமாரசாமி பிள்ளை கம்பளி மூட்டை மேல் மெல்ல உட்கார்ந்தார். அவர் கோபப்பட்டு அடுத்த வண்டியில் திரும்பினாலும் யாரும் குறை சொல்லமுடியாது.

"சின்ன வயசுல வாசுதேவநல்லூர்ல நானும் விழுதான்னு கேட்டவன்தான் அண்ணாச்சி" என்றார். "ஆனா ஏப்ரல்ல எங்க தலைக்கு மேல விழுந்துச்சு பாருங்க, அதுக்குப் பொறவு அந்த வார்த்தைக்கு எனக்கு ஒரே அர்த்தம்தான் இருந்தது."

"இருந்தும் வந்தியளே!" என்றார் பிள்ளை. அவர் குரல் உடைந்ததை அன்று கேட்டவர்கள் பிறகு சத்தியம் செய்தும் யாரும் நம்பவில்லை.

"வராம? பயம் வேண்டாம்னு வேற எழுதியிருந்திய. உசிரு போற நேரத்துல எனக்குத் தைரியம் சொல்லுதாரே, எப்பேர்ப்பட்ட மனுசன்னு இவதான் முதல்ல பெட்டியைக் கட்டினா."

முப்பிடாதியம்மாள் கண்ணைத் துடைத்தாள். பிள்ளைக்குப் பின்னால் நின்ற செண்பகவல்லியையும் இராமலட்சுமியையும் மேலும் கீழும் பார்த்தாள், முழுசாக இருக்கிறார்களா என்று. பிறகு சிரிக்க ஆரம்பித்தாள். நிறுத்தவே முடியவில்லை.

"தண்ணியா? வெறும் தண்ணிக்கா நான் வழி நெடுக அழுதுக்கிட்டு வந்தேன்? தனுஷ்கோடியில இருந்து ஒரு பருக்கை உள்ள போகலை. மதினி, பசிக்குது. வீட்டுல சோறு இருக்கா?"

அவளோடு சேர்ந்து சிரிக்க ஆரம்பித்தவர்கள் எல்லாரும் நிறுத்தினார்கள். நிச்சயதாம்பூலம் மாற்றவில்லை, நல்ல நேரம் பார்க்கவில்லை. மாப்பிள்ளையின் தாயார் பெண் வீட்டில் சோறு கேட்கிறாள். செண்பகவல்லி கணவர் முகத்தைப் பார்த்தாள்.

"முறைப்படி இன்னும்..." என்று பிள்ளை தொடங்கினார்.

"என்ன முறை அண்ணாச்சி? நீங்க செத்துக்கிட்டு இருக்கியன்னு நினைச்சு ஓடி வந்திருக்கோம். இனிமேத்தான் சம்பந்தம் பேசணுமாக்கும்? ஏட்டி இராமலட்சுமி, வா, வந்து இலையைப் போடு. உன் கையால போட்டாத்தான் கை நனைப்பேன்" என்றாள் முப்பிடாதியம்மாள்.

அப்படித்தான் அந்தச் சம்பந்தம் முடிவானது. அன்று பிள்ளை வீட்டில் இலை போட்டதும் முதலில் கை நனைத்தது முப்பிடாதியம்மாள். அவியலை இரண்டு தடவை கேட்டு வாங்கினாள். சுந்தரபாண்டியன் சாப்பிட்டு எழுந்து, மருந்துப் பெட்டியைக் கையில் வைத்துக்கொண்டு முற்றத்தில் திகைத்து நின்றான்.

"இதை என்ன செய்ய?" என்று பொதுவாகக் கேட்டான்.

இராமலட்சுமி தூணுக்குப் பின்னாலிருந்து சொன்னாள்: "பத்திரமா வைங்க. பலவேசம் சித்தப்பாவுக்கு வேண்டியிருக்கும். சாயங்காலம் அவியளுக்குக் குளிர்காய்ச்சல் வரப்போவுது."

போன வருஷ சாரலுக்கப்புறம் அவர்கள் பேசிக்கொண்ட முதல் பேச்சு அது.

பின்னேரம் வண்டிகள் வரிசையாகக் குற்றாலத்துக்குப் போயின. பேரருவியின் இரைச்சல் தூரத்திலேயே கேட்க ஆரம்பித்ததும் முத்துக்குமாரசாமி பிள்ளை ஒரு கணம் வண்டிச் சட்டத்தை இறுகப் பிடித்தார். நம்பிராஜ பிள்ளை அந்தக் கை மேல் தம் கையை வைத்தார். அருவி கண்ணுக்குத் தெரிந்ததும் பிடி தளர்ந்தது.

"பலமாத்தான் விழுது அண்ணாச்சி" என்றார் முத்துக்குமாரசாமி பிள்ளை.

"நான் பொய் எழுதமாட்டேன்" என்றார் பிள்ளை.

பலவேசம் வழக்கம்போலத் துணிக்காவலுக்குப் பாறையைத் தேடினார். பிள்ளை விடவில்லை. "நாலு பேர் முன்னால சொன்ன வாக்கு. எங்க சித்தப்பா மகன் வாக்கு மாறமாட்டான்." இரண்டு சம்பந்திகளும் ஆளுக்கொரு பக்கம் பிடித்து அவரை அருவிக்குள் நிறுத்தினார்கள். பலவேசம் போட்ட சத்தத்தில் மந்திகள் கிளை மாறின. ஆனால் கொஞ்ச நேரத்தில் சத்தம் நின்றது. வெளியே இழுத்தால் வரமாட்டேன் என்றார். "இத்தனை வருஷமா இதை ஒருத்தனும் எனக்குச் சொல்லலையே!" என்று அருவிக்குள்ளிருந்து கத்தினார். அவருக்குப் பக்கத்தில் நம்பிராஜ பிள்ளை நின்றார். பேரருவியின் அடியில் யாரும் நிமிர்ந்து நிற்கமுடியாது என்பார்கள். அன்று அவர் நின்றார்.

திரும்பும் வழியில் தபாலாபீசில் வண்டியை நிறுத்தினார்கள். கண்டியில் இருக்கிற உறவுக்காரர்கள் என்ன ஆயிற்றோ என்று தவித்துக்கொண்டிருப்பார்கள். ஞானதுரை இவர்களைப் பார்த்ததுமே கை கூப்பினார்.

"அண்ணாச்சி, தண்ணின்னு மட்டும் எழுதச் சொல்லாதிய."

"எழுதவேண்டாம். கை நனைந்தது, எல்லாரும் புறப்பட்டு வரவும். இவ்வளவுதான்."

ஞானதுரை எழுதப்போனவர் நிறுத்தினார். "இதை இங்கிலீஷ்ல போட்டா கை ஈரமாயிட்டுதுன்னுல்லா வரும்? அங்கன யாரு கைக்கு என்ன ஆச்சோன்னு திரும்பவும் ஒரு கூட்டம் மருந்துப் பெட்டியோட வந்து இறங்கிறப் போவுது."

நம்பிராஜ பிள்ளை ஈரத் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார்.

"வரட்டுமே. பங்களாவில இடமா இல்லை? அனுப்பும்."